ரெண்டு எட்டு

டூர் மேனேஜர் வழி தவறக் கூடாது. தவறினாலும் தவறியவன் மாதிரி நடக்கக் கூடாது. 1999-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, என்னைப் பழக்கிய சீனியர் எழும்பூர் ஆபீஸ் மாடிப்படியில் நின்று சொன்ன முதல் பாடம் இது. கூட்டத்துக்குப் பத்தடி முன்னால் நட, நீ வழி கேட்பது அவர்கள் கண்ணில் படக் கூடாது என்பது இரண்டாவது. மூன்றாவதை அவர் வாயால் சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். மூலையெல்லாம் மடங்கி, எந்த ஊர்க் காபியோ கொட்டிய கறையோடு இருந்தது. இத்தாலிய வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். முதல் வரி: தொவே இல் பாஞ்ஞோ. கழிப்பறை எங்கே?

ரோம், வெனிஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்த வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, கொடியோ குடையோ தூக்கிப் பிடித்து நடப்பதுதான் உத்தியோகம் என்று தோன்றும். பாதி நிஜம். இத்தாலியில் ஒரு புராதனக் கட்டடத்தின் முன் நின்று விளக்கம் சொல்ல, அங்கே உரிமம் பெற்ற கைடுக்குத்தான் அனுமதி. நான் கொலோசியத்துக்குள் நின்று வாயைத் திறந்தால் அபராதம். ஆனால் அந்த லோக்கல் கைடு வாசலில் வந்து சேர்ந்துகொள்வார், வாசலிலேயே விடைபெற்றுப் போய்விடுவார். கோச்சோ பழைய ஊர்களுக்குள் நுழைய முடியாது. ஊரின் விளிம்பில் இறக்கிவிட்டு, எங்கேயோ நிறுத்தப் போய்விடும். கோச் இறக்கிவிட்ட இடத்துக்கும் கைடு நிற்கும் வாசலுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டரும் இருக்கும், ஒன்றரைக் கிலோமீட்டரும் இருக்கும். அந்த நடுவாந்திரம் முழுக்க என் பொறுப்பு. வவுச்சரில் 36 பாக்ஸ் என்று போட்டிருப்பார்கள். பாக்ஸ் என்றால் தலை. அந்த 36 தலையில் எட்டுப் பேருக்கு முட்டிவலி, நாலு பேருக்குச் சர்க்கரை, ஒருவருக்குப் பேரன் வாங்கிக் கொடுத்த புது ஷூ கடித்துக்கொண்டிருக்கும்.

சீனியரின் நோட்டை நான் முதலில் மதிக்கவில்லை. தமிழில் எழுதிப் படிக்கிற அளவுக்கு நாம் என்ன பட்டிக்காடா என்று, ஆங்கிலத்தில் ஒரு பாக்கெட் அகராதி வாங்கிக்கொண்டு போனேன். அதைப் பார்த்து 'டவ்' என்றும் 'பாக்னோ' என்றும் மிலானில் ஒரு காபிக்கடையில் கேட்டேன். கடைக்காரர் பாவம், பாலா சர்க்கரையா என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இத்தாலியர்களின் த, நம்முடைய த போலவே நாக்கு பல்லைத் தொட்டு எழுவது. ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் அது ட ஆகிவிடுகிறது. பாஞ்ஞோவை அவர்கள் ஜி, என் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுகிறார்கள். ஞ இல்லாதவர்கள் அதைப் பிய்த்துத்தான் படிக்க வேண்டும், நமக்கு என்ன தலையெழுத்து? ஒற்றை மெய்யையும் இரட்டை மெய்யையும் பிரித்துச் சொல்ல வெள்ளைக்காரர்கள் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். படு, பட்டு என்று வளர்ந்த வாய்க்கு அது ஒரு விஷயமே இல்லை. வார்த்தைகளோ பெரும்பாலும் உயிரொலியில் முடிகின்றன. பஸ்ஸு, காரு, பேங்க்கு என்று பேசுகிற ஊரிலிருந்து போகிறவர்கள் நாம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு க்ரூப், இரண்டாம் நாளே என்னைவிடச் சுத்தமாகப் 'புவொன்ஜோர்னோ' சொன்னது.

கேட்பதற்கு நோட்டுப் போதும். பதில் வரும்போதுதான் கஷ்டம்.

முதல் சீசன், மே மாதம், ரோம். ட்ரெவி நீரூற்றில் காசு போட்டாகிவிட்டது. அடுத்தது பாந்தியன். ட்ரெவியிலிருந்து மேற்கே ஒரு சின்னத் தெரு வழியாக நடந்தால், வியா தெல் கோர்ஸோ என்கிற நீண்ட சாலை குறுக்கே வரும். அதைக் கடந்து நேரே போனால் பாந்தியன் சில நிமிட நடைதான். சாலை முனையில் நின்றிருந்த ஒரு பெரியவரிடம், 'ஸ்கூஸி, பெர் அந்தாரே அல் பாந்தெயொன்?' என்று கேட்டேன். மன்னிக்கணும், பாந்தியனுக்கு எப்படிப் போவது? அழகாகத்தான் கேட்டேன். அதுதான் வினையானது. பையனுக்கு மொழி தெரியும் என்று நினைத்து, அவர் ஒரு நிமிடம் நிறுத்தாமல் பேசினார். அந்த வெள்ளத்தில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல். அது 'தெஸ்த்ரா' என்று என் காதில் விழுந்தது. அவர் சொன்னது 'த்ரித்தோ'.

தெஸ்த்ரா என்றால் வலது. த்ரித்தோ என்றால் நேரே. நோட்டில் அடுத்தடுத்த வரிகள்.

வலப்பக்கம் திரும்பினேன். உடனே மார்க்கஸ் அரேலியஸின் பெரிய தூண் வந்தது. பழைய சின்னம் ஒன்று கண்ணில் பட்டதால் தைரியமும் வந்தது. இரண்டு பக்கமும் துணிக்கடைகள். 34 பேரை இழுத்துக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடந்து, பியாத்ஸா தெல் போப்போலோ சதுக்கத்தில் போய் முட்டினேன். நடுவில் எகிப்திலிருந்து ரோமானியர்கள் கொண்டுவந்த ஒற்றைக்கல் தூண். எல்லோரும் கேமராவை எடுத்துவிட்டார்கள். இதையே பாந்தியன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், மறைக்கவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் பக்கத்தில் வந்தார். "தம்பி, உச்சியில ஓட்டை இருக்கும், மழை பெஞ்சா உள்ளேயே விழும்னு பஸ்ஸுல சொன்னியளே. ஓட்டை எங்க?"

திரும்பி நடந்து பாந்தியனைப் பிடித்தபோது கதவு சாத்தக் கால் மணி நேரம் இருந்தது. டீச்சர் மட்டும் உள்ளே நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அன்று ராத்திரி அறையில் உட்கார்ந்து, அந்தப் பெரியவரை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அவர் கை என்ன செய்தது? உள்ளங்கையைச் செங்குத்தாக வைத்து, காற்றைக் கொத்துமல்லி நறுக்குகிற மாதிரி முன்னால் முன்னால் வெட்டிக்கொண்டு போனார். அதைவிடத் தெளிவாக 'நேரே' என்று எந்த மொழியிலும் சொல்ல முடியாது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டில் த்ரித்தோவுக்குப் பக்கத்தில் ஒரு கையை வரைந்தேன். அதற்குப் பிறகு இருபது வருஷமாக நான் இத்தாலியில் வழி கேட்டால் முகத்தைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டைத்தான் பார்க்கிறேன். கை வளைந்தால் திருப்பம். இரண்டு விரல் எழுந்தால் இரண்டாவது சந்து. தோளுக்கு மேலே கை தூக்கி வீசினால் ரொம்ப தூரம், டாக்ஸி பிடி.

இன்னொன்றும் செய்தேன். வேண்டுமென்றே மோசமாகக் கேட்கப் பழகினேன். முழு வாக்கியம் கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் வரும். 'ஸ்கூஸி' சொல்லி நிறுத்தி, அவர் நம் பக்கம் திரும்பிய பிறகு ஊர்ப் பெயரையோ கோயில் பெயரையோ மட்டும் கேள்வியாகச் சொன்னால் போதும். இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்துகொண்டு சொல்லைக் குறைத்துக் கையை நீட்டுவார்கள். மொழி கற்றுக்கொடுக்கும் பள்ளிகளில் இதைச் சொல்லித் தர மாட்டார்கள். சொன்னால் அவர்கள் பிழைப்பு என்ன ஆவது?

ஒன்றை மட்டும் சுருக்கக் கூடாது, வணக்கத்தை. புவொன்ஜோர்னோ சொல்லாமல் நேரே 'தொவே' என்று ஆரம்பித்தால் எதிரே இருப்பவரின் முகம் சுருங்கிவிடும். மத்தியானச் சாப்பாடு முடிந்தாலே புவொன்ஜோர்னோ போய்ப் புவொனசேரா வந்துவிடுகிறது. வெயில் கொளுத்தும்போது மாலை வணக்கம் சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது. 'ஸ்கூஸி' மரியாதைக்கு, 'ஸ்கூசா' நீ வா போ என்று பழகுபவர்களுக்கு. நம் ஊரிலிருந்து வரும் கல்லூரிப் பையன்கள் ஸ்கூசா என்று பாட்டிமார்களைக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நேப்பிள்ஸுக்குத் தெற்கே போனால் வயதானவர்கள் மரியாதைக்கு 'வோய்' என்கிறார்கள். பலரைக் குறிக்கும் முன்னிலைச் சொல்லையே ஒருவருக்கும் சொல்வது, அச்சாக நம்முடைய 'நீங்கள்'. அதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் சொந்த ஊர் மாதிரி இருக்கும்.

யாரிடம் கேட்பது என்பதும் ஒரு படிப்பு. நடந்துகொண்டிருப்பவரைக் கேட்காதே, நின்றுகொண்டிருப்பவரைக் கேள். முதுகில் பை மாட்டியவர் உன்னைப் போல அந்நியர். காய்கறிப் பையோடு வருகிற அம்மாள், நாயைக் கூட்டிக்கொண்டு வருகிறவர், பத்திரிகைக் கடைக்காரர், வாசலில் டி என்ற எழுத்து தொங்கும் புகையிலைக்கடைக்காரர் ஆகியோர் நம்பகமானவர்கள். பஸ் டிக்கெட் விற்பதும் அந்தப் புகையிலைக்கடையில்தான். அப்புறம் பார். இங்கே பார் என்றால் காபிக்கடை. ஒரு எஸ்பிரெஸ்ஸோ வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டுக் கேட்டால் வழியும் கிடைக்கும், பாஞ்ஞோவும் கிடைக்கும். ஒரு காபிக்கு 36 பேர் பாஞ்ஞோ போனால் என்ன நடக்கும் என்பதையும் நான் அனுபவித்திருக்கிறேன். அந்தக் கடைப்பக்கம் மூன்று சீசன் தலைகாட்டவில்லை.

தெரியாவிட்டால் அவர்கள் தோளைக் குலுக்கி, உதட்டைப் பிதுக்கி ஒரு சொல் சொல்வார்கள். நம் காதில் அது 'போ' என்றே விழும். தெரியலையே என்று அர்த்தம். மதுரைப் பாட்டி ஒருவர் ஃபிளாரன்ஸில் தானாகவே ஒரு போலீஸ்காரரிடம் போய் எதையோ கேட்டுவிட்டு, கோபத்தோடு திரும்பி வந்தார். "வயசானவளைப் பாத்து போங்கிறான், மரியாதை தெரியாதவன்." நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் பாட்டிக்கு உதவ வந்து, கையை நீட்டி 'வாதா, வாதா' என்றார். போங்கள் என்பதற்கு மரியாதையான இத்தாலியச் சொல் அது. பாட்டி காதில் அது 'வாடா' என்று விழுந்துவிட்டது. அந்த நாட்டில் 'போ' என்றால் தெரியாது, 'வாதா' என்றால் போங்கள் என்று கோச்சில் மைக் பிடித்து விளக்கினேன். நம்பினார்களா என்று தெரியவில்லை. மீதிப் பயணம் முழுக்க ஒருவரை ஒருவர் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

தூரத்துக்கு வருவோம். எந்த இடத்தைக் கேட்டாலும் 'சிங்க்வே மினூதி', ஐந்து நிமிடம். அதைவிடக் கிட்டே என்று சொல்ல வேண்டுமானால் 'தூவே பாஸ்ஸி'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் அது 'ரெண்டு எட்டு'. இதை முதல்முறை புரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ஊரில் ரெண்டு எட்டு என்று சொல்லிக் கிளப்பிக்கொண்டு போய் ஒரு மைல் நடக்க விட்ட சித்தப்பாக்கள் உண்டு. யாரும் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை, வந்தவன் சோர்ந்துவிடக் கூடாதே என்ற அக்கறை. சீனியரின் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதற்குக் கணக்கே இருந்தது. சிங்க்வே மினூதி என்றால் பதினைந்து நிமிடம். தூவே பாஸ்ஸி என்றால் இருபது. சேலை கட்டியவர்கள் பாதிக்கு மேல் இருந்தால் ஐந்தைக் கூட்டிக்கொள்.

ஆனால் நோட்டில் எழுத முடியாத சங்கதி ஒன்று உண்டு. நாம் கேட்கும் பெயரும் ஊரார் சொல்லும் பெயரும் ஒன்றாக இருப்பதில்லை. ஃபிளாரன்ஸ் என்று எந்த ரயில் பலகையிலும் இருக்காது, ஃபிரென்ஸே. வெரோனா ஸ்டேஷனில் மொனாகோ என்று போட்டிருந்ததைப் பார்த்து, சூதாட்ட ஊருக்கு இங்கிருந்தே ரயிலா என்று எங்கள் ஆள் ஒருவர் துள்ளினார். அது ஜெர்மனியின் மியூனிக். இத்தாலியர்களுக்கு அதுவும் மொனாகோதான். நேப்பிள்ஸின் பழைய நகரை நேர்கோடாகப் பிளக்கும் ஸ்பாக்கானாப்போலி தெருவைத் தெரியாதவர் கிடையாது. ஆனால் தெருப்பலகையில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது, துண்டு துண்டாக வேறு வேறு பெயர்கள் எழுதியிருக்கும். ஃபிளாரன்ஸில் வீடுகளுக்கு ஒரு வரிசை எண், கடைகளுக்குச் சிவப்பில் வேறொரு வரிசை எண். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதிவு செய்திருந்த இந்திய ஓட்டலைத் தேடி, அதே எண்ணுள்ள வீட்டின் மணியை அழுத்தி, மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த அம்மையாரிடம் 36 பேருக்குச் சப்பாத்தி கேட்டவன் நான்.

பதுவாவை மறக்க முடியாது. புனித அந்தோணியார் பேராலயத்துக்காகவே எத்தனையோ க்ரூப் வரும். நம் கடற்கரை ஊர்களில் செவ்வாய்க்கிழமை என்றாலே அந்தோணியார்தானே. பிராத்தோ தெல்லா வாலே என்ற பெரிய சதுக்கத்தின் பக்கம் இறங்கி, ஒரு இளைஞனை நிறுத்தி, 'பஸீலிக்கா தி சான்த் அந்தோனியோ?' என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டேன். அவன் நெற்றியைச் சுருக்கினான். பிறகு, "ஆ, இல் சாந்தோ!" என்றான். அந்த ஊரில் அவர் பெயரைச் சொல்வதில்லை, 'புனிதர்' என்றாலே அவர்தான். எனக்குப் பின்னால் நின்ற உவரிப் பாட்டி, "சாந்தோம் மெட்ராஸ்ல இருக்குல்லா, அங்கயா போவச் சொல்லுதான்?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனால் அவன் கை காட்டிய திசையை நான் பாட்டிக்குப் பதில் சொல்வதில் கோட்டைவிட்டிருந்தேன். இரண்டு சந்து சுற்றினோம். பாட்டி ஒரு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "காணாமப் போனதை எல்லாம் கண்டுபிடிச்சுத் தாரவரு அவரு. அவரையே காங்கலையாய்யா?"

ரோமில் தண்ணீர்க் குழாயைக் கேட்கச் சொல்லே வேண்டாம். தெருவோரம் வளைந்த குழாயோடு நிற்கும் இரும்புத் தூண்களுக்கு 'நஸோனே', பெரிய மூக்கு என்று பெயர். 1870-களிலிருந்து நிற்கின்றன, நகரம் முழுக்க 2,500 போல இருக்கின்றன. காலி பாட்டிலைத் தூக்கிக் காட்டி மூக்கைத் தொட்டால் போதும்.

பலெர்மோவுக்கு நான் மூன்று முறைதான் போயிருக்கிறேன். பல்லாரோ சந்தையில் ஒருவரிடம் ஸ்கூஸி சொல்லிவிட்டு, பெல்லெக்ரீனோ மலைக்குப் போகும் பஸ் எங்கே என்று என்னுடைய மோசமான இத்தாலியனில் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணை தமிழோ? உதிலை நேர போங்கோ. ஒரு செமாஃபொரோ வரும், அதிலை தெஸ்த்ராப் பக்கம் திரும்புங்கோ." யாழ்ப்பாணத்துக்காரர். சிக்னலும் வலதும் இத்தாலியனில், மீதி தமிழில். பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் நிறைய. அந்த மலைக்குகையில் இருக்கும் சாந்தா ரொசாலியா கோயிலுக்குச் சைவர்களும் கத்தோலிக்கர்களும் சேர்ந்தே ஏறுகிறார்கள். அவர் கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் பேசினோம், பேச்சு சுவாரஸ்யத்தில் நான் ஹெட் கவுண்ட் எடுக்க மறந்துவிட்டேன் என்பது தனிக்கதை.

இப்போது எல்லோர் கையிலும் போன். நானும் பார்க்கிறேன், வீம்பு பிடிக்கவில்லை. ஆனால் வெனிஸில் போனை நம்பிக் கெட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவில் குடையை விரிக்க முடியாத சந்து. சாட்டிலைட் சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து, நீலப் புள்ளி பக்கத்து வாய்க்காலுக்குள் போய் நிற்கும். அந்த ஊருக்கு வேறு இலக்கணம். தெருவுக்குக் காலே என்று பெயர். சதுக்கத்துக்குக் காம்போ, அதாவது வயல். பியாத்ஸா என்று சொல்லிக்கொள்ள சான் மார்க்கோ ஒன்றுக்குத்தான் உரிமை. வீட்டு எண் தெருவை வைத்து ஓடாது, பேட்டை முழுக்க ஒரே வரிசையாக ஓடும். ஆறு பேட்டைகளில் கஸ்தெல்லோவில் எண் 6,000-ஐத் தாண்டுகிறது. சுவரில் 'ரியால்தோவுக்கு' என்று மஞ்சள் பலகை, அம்புக்குறி. சில இடத்தில் சான் மார்க்கோவுக்கு இரண்டு பக்கமும் அம்பு போட்டிருப்பார்கள். இரண்டும் சரிதான், அதுதான் அந்த ஊர்.

அங்கே 2011-இல் ஒரு தலை குறைந்தது. தஞ்சாவூரிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். படகுத்துறையில் எண்ணினால் 35. அம்மா அழவில்லை, "அவர் இப்படித்தான், வந்துடுவார்" என்றார். நான் க்ரூப்பைத் துறையில் உட்கார வைத்துவிட்டு, காலே காலேயாக ஓடினேன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் மொத்தத்தையும் கொட்டி, கண்ணாடி போட்ட, குட்டையான, மஞ்சள் பை வைத்த இந்தியப் பெரியவரைப் பார்த்தீர்களா என்று கடை கடையாகக் கேட்டேன். 'போ', 'போ', 'போ'. நாற்பது நிமிடம் கழித்து வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தால், ஐயா துறையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் சக்கரம் வைத்த காய்கறிப் பையோடு ஒரு வெனிஸ் அம்மாள். கையோடு கூட்டிக்கொண்டு வந்து விட்டிருக்கிறார்.

"எப்படி சார் கேட்டீங்க?"

"எனக்கு அந்த எடத்தோட பேரு மறந்துபோச்சு தம்பி. தூணுக்கு மேல றெக்கை வச்ச சிங்கம் இருந்துச்சுல்ல? அந்த அம்மா முன்னாடி நின்னு, சிங்கம் மாதிரி உறுமி, ரெண்டு கையையும் றெக்கையா ஆட்டினேன். சான் மார்க்கோன்னாங்க. ஆமான்னேன்."

பன்னிரண்டு வருஷ அனுபவத்தோடு நான் ஓடிய ஓட்டத்தை அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் வெனிஸிலிருந்து மிலானுக்குப் பயணம். வெரோனா தாண்டியதும் அவர் முன்சீட்டுக்கு வந்தார். "தம்பி, வீரமாமுனிவர் பொறந்த ஊரு இந்தப் பக்கம்தானே? காஸ்திலியோனே." ஐடினரரியில் அது இல்லை. ஆனால் டிரைவருக்கு நாலரை மணி நேர ஓட்டத்துக்குள் 45 நிமிட ஓய்வு சட்டப்படி கட்டாயம். எப்படியும் எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஹைவே ஆட்டோகிரில்லில் நிறுத்துவதை அந்த ஊரில் நிறுத்தேன் என்று கெஞ்சினேன். தெசென்ஸானோவில் வெளியேறித் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே, சின்ன ஊர். 1859-இல் சொல்ஃபெரீனோ போரில் அடிபட்டவர்களை இந்த ஊர் ஆலயங்களில்தான் கொண்டுவந்து போட்டார்கள். அதைக் கண்ணால் பார்த்த ஹென்றி துனானின் மனதில்தான் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு விதை விழுந்தது. ஊரில் அதற்கொரு அருங்காட்சியகம் இருக்கிறது, வழிகாட்டும் பலகையும் இருக்கிறது. 1680-இல் இங்கே பிறந்து, தமிழ்நாட்டுக்கு வந்து தேம்பாவணி எழுதிய வீரமாமுனிவர் என்ற கான்ஸ்தான்ஸோ பெஸ்கிக்குப் பலகை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

நடக்கும்போது ஐயா மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். "செந்தமிழுக்குத் தனியா, கொடுந்தமிழுக்குத் தனியா இலக்கணம் எழுதுனாரு தம்பி. கொடுந்தமிழ்னா கடைத்தெருவுல பேசுற தமிழு. அடுத்து வர்ற பாதிரிமாருங்க வழி கேக்க வேணாமா? லத்தீன்ல எழுதி வச்சாரு." எனக்குச் சீனியரின் நோட்டு ஞாபகம் வந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் போனேன். புவொன்ஜோர்னோ சொன்னேன், பெயரைச் சொன்னேன். 'போ' என்றார். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். மூன்றாவது ஆளும் வந்தார். மூன்று பேரும் எனக்குப் புரியாத வேகத்தில் வாதாட, மூன்று கையும் மூன்று திசையில் நீண்டன. ஐயா என்னை மெதுவாக ஒதுக்கிவிட்டு முன்னால் போனார். கை கூப்பினார். "பெஸ்கி" என்றார். கழுத்திலிருந்து கால்வரை கையால் ஓர் அங்கியை வரைந்து காட்டினார். மேலே வானத்தைக் காட்டினார். காற்றில் எதையோ எழுதிக் காட்டினார். முதியவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து, ஐயாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். மீதி 35 பேரும் அவர்கள் பின்னால். கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு கடைசியாக நான்.

போய் நின்ற இடம் ஒரு பேராலயம். "சான் லுயீஜி!" என்று முதியவர் பெருமையாகக் கை விரித்தார். புனித லுயீஜி கொன்ஸாகா, இதே ஊரில் 1568-இல் பிறந்தவர், ரொம்பப் பெரிய புனிதர். ஆனால் நாங்கள் தேடி வந்தவர் இல்லை. நான் ஐயாவைச் சங்கடத்தோடு பார்த்தேன். அதற்குள் க்ரூப்பில் ஒரு தூத்துக்குடி அக்கா பீடத்துக்குப் பக்கத்தில் போய்ப் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏ, இது நம்ம ஞானப்பிரகாசியாருல்லா! எங்க அப்பாவுக்கு இவரு பேருதான்" என்று கூவினார். நம் பக்கத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான். பாதிப் பேர் முழங்காலிட்டுவிட்டார்கள். ஐயா தூணில் சாய்ந்து, மஞ்சள் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டார். "இவரும் சேசு சபை, அவரும் சேசு சபை. ஒரே ஊரு. சரியாத்தான் கூட்டிட்டு வந்துருக்காரு தம்பி."

போன் அடித்தது. டிரைவர். நாற்பத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது, எங்கே இருக்கிறீர்கள் என்றான். திருப்பங்களை நான் கவனிக்கவில்லை. கடைசியில் நடந்தவனுக்கு அது எதற்கு? முதியவரிடம் 'பார்கெஜ்ஜோ, புல்மன்?' என்று கேட்டேன். கோச் நிற்கும் இடம். அவர் ஐயாவின் முழங்கையை விடாமலே, இன்னொரு கையால் காற்றை நறுக்கினார்.

"தூவே பாஸ்ஸி."

டிரைவரிடம் இருபது நிமிடம் என்றேன். பிறகு சேலைகளை எண்ணிப் பார்த்து, இருபத்தைந்து என்று மாற்றிக்கொண்டேன்.